கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் இல்லை

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்கிற ஆண்டுகளில் நம் வெள்ளாற்றில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்த இரண்டாம் நாளே செய்தித்தாளில் ஒரு வரியும் வந்துவிடும்: "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." தொலைக்காட்சியில் அதே வரி. மேடைப் பேச்சில் அதே வரி. விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே வரி. தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கருத்து வேறுபாடு இல்லாமல் சொல்கிற வாக்கியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரே ஒரு சொல்லோடுதான் சண்டை. கன அடிக் கணக்கோடு சண்டை இல்லை. அதை அதிகாரிகள் அளந்துதான் சொல்கிறார்கள். கடலில் கலக்கிறது என்பதும் உண்மை. 'வீணாக' என்ற சொல்தான் பொய். அதை யாரும் அளந்து சொல்லவில்லை. அளந்து பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மட்டும் இல்லை. இதே வெள்ளாற்றின் கரையில், ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் உட்கார்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அளந்து கொண்டிருக்கிறார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் ஆற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கமும் ஒரு வெள்ளாறு உண்டு, அது வேறு. நம் வெள்ளாறு சேலம் மாவட்டத்து மலைகளில் பிறக்கிறது. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகிறது. தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம் என்று கிழக்கே வருகிறது. கல்வராயன் மலைத் தண்ணீரை விருத்தாசலம் வழியாகக் கொண்டு வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் இதோடு சேர்கிறது. பிறகு சேத்தியாத்தோப்பு, புவனகிரி. கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடல்.

அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா முன்னின்று உருவாக்கிய நிலையம். 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து இன்றுவரை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளாற்றுக் கழிமுகத்தில் படகில் போய்ப் புட்டியில் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, சிலிகா எவ்வளவு, அதில் என்னென்ன நுண்ணுயிர்கள் என்று கணக்கெடுத்து வருகிறார்கள். இந்தியாவில் மிக நீண்ட காலமாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறும் ஒன்று. கடல் விஞ்ஞானம் படித்த வெளிநாட்டுக்காரனுக்கு 'போர்ட்டோ நோவோ' தெரியும், 'வெள்ளார் எஸ்சுவரி' தெரியும். திட்டக்குடியில் ஆற்றங்கரையில் குடியிருக்கும் நமக்குத் தெரியாது.

அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது என்ன? கோடையில் கழிமுகத்துத் தண்ணீர் ஏறக்குறைய கடல் தண்ணீராகவே இருக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது அந்த உப்பு மளமளவென்று குறைந்து நல்ல தண்ணீர் ஆகிவிடுகிறது. உப்பு குறைகிற அதே நாட்களில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகா ஆகிய சத்துகள் ஆண்டின் உச்சத்துக்கு ஏறுகின்றன. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்து வெயில் அடித்ததும் அந்தச் சத்தைத் தின்று கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகுகின்றன. பாசியைத் தின்னும் நுண்பூச்சிகள், அவற்றைத் தின்னும் மீன் குஞ்சுகள், இறால் குஞ்சுகள் என்று சங்கிலி போகிறது. சுருங்கச் சொன்னால், வயலுக்கு நாம் எரு அடிக்கிற மாதிரி ஆறு கடலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எரு அடிக்கிறது. எரு வண்டி வயலுக்குப் போவதைப் பார்த்து, "ஐயோ, சாணி வீணாகிறதே" என்று யாராவது அழுவோமா?

இதில் சிலிகா என்கிற சரக்கைப் பற்றி விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பீங்கான் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்: களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றும் சேர்ந்தால்தான் பீங்கான். இந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? மலைப்பாறையில் இருக்கும் பெல்ஸ்பாரைத்தான் மழை காலங்காலமாக அரித்துக் களிமண் ஆக்குகிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறையில் இறங்குகிறது. பாறை இளகி, வெள்ளைக் களிமண் ஒருபக்கம் தங்கிவிடுகிறது. சிலிகாவில் ஒரு பங்கும், பொட்டாசியம், சோடியம் போன்ற உப்புகளும் தண்ணீரில் கரைந்து ஆற்றோடு போகின்றன. களிமண் நமக்கு, கரைந்த சிலிகா கடலுக்கு. இந்தப் பாகப்பிரிவினை மனிதன் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த விஷயம்.

கடலுக்குப் போன சிலிகாவை வாங்கிக் கொள்வது டயாட்டம் என்னும் நுண்பாசி. அது தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்கிற பிராணி போன்ற பாசி. நம்மூர்க் கைவினைஞர்கள் சூளையில் வைத்துச் செய்கிற வேலையை, அது சூளையே இல்லாமல் குளிர்ந்த தண்ணீரில் செய்கிறது. உலகம் முழுவதும் தாவரங்கள் செய்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்த டயாட்டங்கள் செய்கின்றன. நாம் இழுக்கிற மூச்சிலும் அவற்றின் பங்கு இருக்கிறது. சத்தான மீன்வளம் உள்ள கடல்களில் உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி பெரும்பாலும் இதுதான். அதற்குச் சிலிகா கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வேறு பாசிகள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் சில நஞ்சு உள்ளவை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல, நடந்து பார்த்த கதை. ஐரோப்பாவில் டான்யூப் நதி கருங்கடலில் விழுகிறது. 1970களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே 'இரும்புக் கதவு' என்ற பெரிய அணை எழுந்தது. அணைக்குள் வண்டலோடு சிலிகாவும் தங்கிவிட, கருங்கடலில் சிலிகா குறைந்து, டயாட்டங்களின் இடத்தில் வேறு பாசிகள் பெருகின என்று 1997இல் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எகிப்தில் நைல் நதியின் குறுக்கே அஸ்வான் பேரணை கட்டி 1964 முதல் வெள்ளத்தைப் பிடித்தார்கள். அதற்கு முன் நைல் முகத்துவாரத்தில் ஆண்டுக்கு 18,000 டன் வரை கிடைத்த மத்தி மீன், சில ஆண்டுகளில் ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது. பிற்பாடு அங்கே மீன் ஓரளவு திரும்பியதற்கு உரத்தண்ணீரும் நகரத்துச் சாக்கடையும் காரணம் என்று சொல்கிறார்கள். ஆற்றுவெள்ளத்தின் இடத்தில் சாக்கடை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

"அதெல்லாம் நைல், டான்யூப். நம்ம வெள்ளாறு வருஷத்துல பத்து மாசம் காஞ்சி கெடக்குது. இதுல போயி என்னா சார் மீனு, பாசி?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியே என் பக்கத்து வாதம். நைல் நதிக்கு ஆண்டெல்லாம் தண்ணீர் உண்டு. நம் ஆற்றுக்குச் சில வாரங்கள்தான். வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கு ஓர் ஆண்டுக்கான நல்ல தண்ணீரும் சத்தும் அந்தச் சில வாரங்களில் மட்டுமே போய்ச் சேருகின்றன. மாதச் சம்பளக்காரன் ஒரு நாள் கூலியை இழந்தால் தாங்குவான். ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை பார்ப்பவனிடம் அந்த அறுவடையைப் பிடுங்கினால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. ஆனால் பொடிக் குஞ்சுகள் அலையேற்றத்தோடு கழிமுகத்துக்கு வந்து, உப்புக் குறைந்த தண்ணீரில், சுரபுன்னைக் காட்டு வேர்களுக்கிடையே வளர்ந்து, பெரிதானபின் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா போன்ற மீன்களுக்கும் கழிமுகம்தான் பால்வாடி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் காடு இந்தப் பால்வாடிகளில் பெரியது. அந்தக் காட்டுக்கும் நல்ல தண்ணீர் கலப்பு வேண்டும். உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் மரங்கள் குட்டையாகிப் போகும், உப்பைத் தாங்காத வகைகள் ஒவ்வொன்றாக மறையும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று இதே பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டைவிட மேட்டு நிலமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியக் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். அந்த வழக்கு எப்படியும் போகட்டும். மீனும் நண்டும் விறகும் கொடுத்த காடு என்பதில் யாருக்கும் வழக்கு இல்லை.

அடுத்தது மணல். ஆறு கடலுக்குத் தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. மணலையும் வண்டலையும் கொண்டுபோகிறது. அலை கரையை அரித்துக்கொண்டே இருக்கும். ஆறு கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். இந்த வரவு செலவு சரியாக இருக்கும்வரை கரை நிற்கும். வரவை நிறுத்தினால் கரை உள்ளே வரும். கோதாவரி கடலுக்குக் கொண்டுசென்ற வண்டல் 1970களிலிருந்து 1990களுக்குள் பாதிக்கும் கீழே குறைந்ததையும், கோதாவரி, கிருஷ்ணா கழிமுகக் கரைகள் பின்வாங்குவதையும் விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரையில் என்ன செய்கிறோம்? ஆற்றில் மணலை அள்ளி லாரியில் ஏற்றுகிறோம். பிறகு கடல் அரிக்கிறது என்று மலையை உடைத்துக் கருங்கல் கொண்டுபோய்க் கரையில் கொட்டுகிறோம். இரண்டு வேலைக்கும் டெண்டர் உண்டு. ஆறு இலவசமாகச் செய்ததற்கு டெண்டர் கிடையாது. அதனால்தான் அது 'வீண்'.

முகத்துவாரம் திறந்திருப்பதும் வெள்ளத்தின் வேலைதான். ஆற்றில் வேகமான ஓட்டம் இருந்தால் அலை ஒதுக்கிய மணலைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகும். ஓட்டம் குறைந்தால் வாய் மணல் மூடும், படகு தட்டும். அப்புறம் மீனவர்கள் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்க வேண்டும், இயந்திரம் வர வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். அள்ளிய மணல் அடுத்த கோடையில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நிலத்தடி நீரைப் பற்றி நம் மாவட்டத்தில் அதிகம் சொல்ல வேண்டாம். ஆழ்குழாயை இறக்கிக்கொண்டே போகிறோம். கரையோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் தண்ணீரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் உப்புத் தண்ணீர் நிலத்துக்குள் ஏறும். மேலே ஆறு ஓடுகிற நாட்களில் கீழே ஊற்றுக்கும் தண்ணீர் போகிறது. கடலை நோக்கிப் போகிற தண்ணீர்தான் கடலைத் தடுத்து நிறுத்துகிறது. இது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தராசு மாதிரிதான்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் மற்ற கடல்களைவிட உப்புக் குறைந்தது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் அதில் விழுவதும் அதன்மேல் பெய்யும் மழையும்தான் காரணம். உப்புக் குறைந்த தண்ணீர் எடை குறைவு. அதனால் போர்வை மாதிரி மேலேயே நிற்கிறது, கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் மேல்தண்ணீர் சூடாகவே இருக்கிறது, அந்தச் சூடு மேகத்துக்கு உதவுகிறது. 1966இல் தொடங்கிய கோவா தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தாரும் மற்றவர்களும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளாற்றுத் தண்ணீர் இதில் ஒரு சொட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கங்கையைக் காவிரியோடு இணைக்க வேண்டும் என்று கே.எல். ராவ் 1972இல் சொன்னது முதல் இன்று கோதாவரி–காவிரி இணைப்பு வரை எல்லாத் திட்டங்களுக்கும் மூலமந்திரம் ஒன்றுதான்: "கடலில் வீணாகிறது." எல்லா ஆற்றுக்கும் இந்த மந்திரத்தை ஓதினால் சொட்டு வெள்ளமாகிவிடும்.

வானம் பொழியாவிட்டால் கடலும் தன் வளம் குன்றிப் போகும் என்ற பொருளில் வள்ளுவர் வான்சிறப்பில் சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நம் முன்னோர்கள் ஆறு கடலில் கூடும் இடத்தைச் சங்கமம் என்றார்கள். அங்கே போய்த் தலை முழுகினார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி இன்றும் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். இரண்டு ஆறு கூடினால் அந்த ஊருக்கே கூடல் என்று பெயர் வைத்தோம். ஆறும் கடலும் கூடினால் மட்டும் இப்போது வீண் என்கிறோம். கடலில் கரைத்த பெருங்காயம் என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆற்றையே பெருங்காயம் ஆக்கிவிட்டோம்.

இனி எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன். அது வலுவில்லாத வாதம் என்று நான் சொல்லவே இல்லை. நம் பகுதி வானம் பார்த்த பூமி. மானாவாரிச் சோளமும் கம்பும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்த ஜனங்கள். கண்ணெதிரே தண்ணீர் கரைபுரண்டு போய், தை மாதம் ஆறு மணல்வெளியாகக் கிடந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் வந்த சொல்தான் 'வீண்'. தொழுதூரில் வெள்ளாற்றை மறித்து, வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பும் வெலிங்டன் ஏரியை 1923இல் கட்டி முடித்தார்கள். சுமார் 24,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. பெலாந்துறையிலும் சேத்தியாத்தோப்பிலும் அணைக்கட்டுகள் உண்டு. இவற்றையெல்லாம் இடிக்கச் சொல்கிற பைத்தியக்காரன் நான் இல்லை. வெலிங்டன் ஏரி இல்லாவிட்டால் திட்டக்குடி வட்டத்தில் பாதிப் பேர் எப்போதோ திருப்பூருக்கும் சென்னைக்கும் போயிருப்பார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏரிக்குள் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்து கிடக்கிறது. வரத்து வாய்க்கால்களில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. ஊர் ஏரிகள் பாதி ஆக்கிரமிப்பில் இருக்கின்றன. நமக்கென்று நூறு வருடங்களுக்கு முன்பே ஒதுக்கிய பாத்திரத்தை ஓட்டையாக வைத்துக்கொண்டு, பாத்திரத்துக்கு வெளியே போன தண்ணீரைக் கடல் குடித்துவிட்டது என்று குறை சொல்வது என்ன நியாயம்? ஏரியைத் தூர்வாருங்கள், வாய்க்காலை வெட்டுங்கள், நம் பங்கை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவது நம் பங்கு அல்ல. பரங்கிப்பேட்டை, அன்னங்கோவில், கிள்ளை ஜனங்களும் இந்த மாவட்டத்துக்காரர்கள்தான், அவர்களும் வரி கட்டுகிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கு ஆறு வயலில் நெல்லாக வருகிறது. அவர்களுக்குக் கடலில் மீனாக வருகிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவன் பங்கை வீண் என்று சொல்வதைத்தானே நாம் கர்நாடகத்தோடு ஐம்பது வருடமாக வழக்காடினோம்?

கர்நாடகம் என்றதும் ஒரு கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு கொடுத்தது. மொத்தம் 740 டி.எம்.சி. அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270 என்று பிரித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பலர் கவனிக்காத இரண்டு சின்ன வரிகள் அதில் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018இல் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்த 14 டி.எம்.சி.யில் கை வைக்கவில்லை. ஒரு டி.எம்.சி. என்றால் சுமார் 2,830 கோடி லிட்டர். தண்ணீருக்காக இவ்வளவு அடித்துக்கொண்ட காவிரியிலேயே ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரு பங்கு எழுதிவைத்தார்கள். 10 போதுமா என்று கேட்கலாம். போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பங்கு உண்டு என்பது சட்டத்தில் ஏறிவிட்டது. வெள்ளாற்றுக்கு அப்படி ஒரு எண் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்த எண்ணைச் சொல்லத் தகுதியான ஆட்கள் அதன் முகத்துவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கேதான் பல்கலைக்கழகத்தையும் நான் விடப்போவதில்லை. அறுபது ஆண்டுகளாக நம் ஆற்றுத் தண்ணீரைப் புட்டி புட்டியாக எடுத்துப் போனார்கள். எத்தனையோ பேர் முனைவர் ஆனார்கள். கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில், அலமாரியில். பேராசிரியரின் பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது ஆங்கில ஆய்விதழில் வந்த கட்டுரை. பெண்ணாடத்து விவசாயிக்குப் புரியும்படி தமிழில் எழுதிய நாலு பக்கம் எண்ணப்படுவதில்லை. இது பரங்கிப்பேட்டை மையத்தின் தனிக்குற்றம் இல்லை, நாடு முழுவதும் இப்படித்தான். ஆனால் விளைவு என்ன? அறிந்தவர்கள் பேசாத இடத்தில் அறியாதவர்கள் பேசுகிறார்கள். கழிமுகத்தைப் பற்றி ஒன்றும் படிக்காதவர் மேடையில் 'வீண்' என்று முழங்குகிறார். அறுபது ஆண்டுப் புள்ளிவிவரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஆய்வுக்கூடத்தில் அமைதியாக இருக்கிறார். மேடைதானே ஜெயிக்கும்?

நம் பங்குக்கு நாமும் வெட்கப்பட வேண்டியது ஒன்று உண்டு. கடலுக்குப் போக வேண்டிய வெள்ளத்தை வீண் என்கிற நாம், போகக் கூடாத சாக்கடையையும் கோழிக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் ஆண்டு முழுவதும் ஆற்றில் கொட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அது கடலில் கலப்பதைப் பற்றி எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லை. நல்லதைத் தடுத்துக் கெட்டதை அனுப்பினால் அங்கே சிலிகா குறைந்து நைட்ரஜன் மட்டும் ஏறும். கருங்கடல் கதைதான் நமக்கும்.

நான் கேட்பது மூன்று.

முதலாவது, வெள்ளாற்றிலோ மணிமுத்தாற்றிலோ புதிதாகத் தடுப்பணையோ மணல் குவாரியோ வருமானால், பரங்கிப்பேட்டை மையத்திடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கருத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். பொறியாளர் சொல்லும் கன அடிக் கணக்கோடு, கழிமுகத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்ற கணக்கும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செய்தித்தாள்கள் மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகின்றன. காவிரியையே பார்க்காதவர்கூடக் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். அதுபோல வாரத்துக்கு ஒருநாள் வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்பு அளவைப் போடட்டும். பல்கலைக்கழகம் கொடுக்கட்டும், பத்திரிகை அச்சிடட்டும். இரண்டே வரி. நாலு வருடம் படித்தால் நம் ஜனங்களுக்கு எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அடுத்த மழையில் செய்தி எழுதும் தம்பிகள் "இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் கடலுக்குச் செல்கிறது" என்று எழுதினால் போதும். ஒரு சொல் மிச்சம், ஒரு பொய்யும் குறையும். மறுபடியும் 'வீணாக' என்று வந்தால் நாம் செய்யக்கூடியது எளிது. நம்மில் பலருக்கு நேரம் இருக்கிறது, கையெழுத்தும் இன்னும் நடுங்கவில்லை. ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை போடுவோம். நான் போடப் போகிறேன், நீங்களும் போடுங்கள்.